மறுமொழி: ‘உயிரற்றவை’ என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பழைய இணையே, சிறு குழந்தைகளுக்குப் பொருள்களை வகைபிரித்துக் காட்டும் பாடத்துக்குப் போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கூழாங்கல்லையும் காய்ந்த சருகையும் ஒரே கூடையில் போடச் சொல்கிறது அந்த இணை. சருகுக்கு ஒருகாலத்தில் உயிர் இருந்தது, கல்லுக்கு எப்போதுமே இருந்ததில்லை. இந்த வேறுபாடு குழந்தைக்குத் தெரிய வேண்டாமா?

சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. ‘அற்றுப்போதல்’ என்றால் இருந்தது இல்லாமல் போவது. செய்திகளில் ‘உயிரற்ற உடல்’ என்று பிணத்தைத்தானே சொல்கிறோம்? அதையே கல்லுக்கும் வைத்தால், “கல்லு எப்போ செத்துச்சு?” என்று குழந்தை கேட்பது நியாயம்தான். இங்கிலாந்தின் பாடத்திட்டம் இரண்டாம் ஆண்டிலேயே (6–7 வயது) உயிரோடிருப்பவை, இறந்தவை, ஒருபோதும் உயிர் இல்லாதவை என்று மூன்றாகப் பார்க்கச் சொல்கிறது.

என் பரிந்துரை: உயிருள்ளவை, உயிரிருந்தவை, உயிரிலி. ‘இலி’ நமக்குப் புதிதல்ல, முதுகெலும்பிலி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘உயிர்நீத்தவை’ வேண்டாம். அது மனிதர்களை மரியாதையோடு சொல்வது, பலகைக்கும் பஞ்சுக்கும் ஒட்டாது. ‘சடப்பொருள்’ இன்னும் மோசம், அசையாமல் கிடப்பது என்ற எண்ணத்தைத் தருகிறது. அசைவதை வைத்தே சின்னக் குழந்தைகள் உயிரை முடிவு செய்கிறார்கள் என்று குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே எழுதிவிட்டார். ஓடும் ஆற்றையும் நகரும் மேகத்தையும் சடம் என்றால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

செடிகள் அசையாததால் அவற்றை உயிருள்ளவையாக ஏற்பதுதான் குழந்தைகளுக்குக் கடினம். உயர்திணை, அஃறிணைப் பிரிவு இங்கே உதவாது, மரமும் கல்லும் அஃறிணைதான். ஆனால் ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று தொல்காப்பிய மரபியல் செடிகொடிகளை உயிர்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆசிரியர் கையேட்டில் அந்த அடியைச் சேர்க்கலாம்.

அப்புறம், விதை. காய்ந்து கிடப்பதால் அதை உயிரிருந்தவையில் போட்டுவிடக் கூடாது. இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005இல் முளைத்தது. முளைக்கும் விதையும் முளைக்காத விதையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஊறவைத்து நட்டால்தான் தெரியும். எனவே படம் பார்த்துப் பிரிக்கும் அட்டையில் விதையை வைக்காமல், நட்டுப் பார்க்கும் செயல்பாடாகத் தனியே கொடுக்கலாம்.

‘உயிரிருந்தவை’ வாசிக்கக் கடினம் என்றால் ‘உயிர் இருந்தவை’ என்று பிரித்தே அச்சிடலாம். இதைவிடச் சின்னச் சொல் தோன்றினால் எழுதுங்கள்.