புதுப்பிப்பு: கலங்கிய நீரில் வழிகாட்டிக் கயிறு, திசைக் குழப்பம் தீர்ந்தது

ஸ்கூபா முக்குளிப்பில் நீரடிக் குகைக்குள் வழி தவறாமல் திரும்பக் கட்டும் வழிகாட்டிக் கயிறு பிரியும் இடத்தில், நீர் கலங்கியதும் வெளியேறும் திசை தெரியாமல் தடுமாறுவதாக முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பிரிவுக்கு அருகே வெளியேறும் பக்கத்துக் கயிற்றில் அம்புக்குறி மாட்டும் யோசனைதான். கண்ணை மூடிக்கொண்டு பழகினோம். கூர்முனை விரலுக்கு உடனே தட்டுப்பட்டது. கயிற்றில் மாட்டும் வட்டக் குறி திசை சொல்லாது, அவரவர் அடையாளம் மட்டுமே. வண்ண நாடா சேற்றுக்குள் வெறும் அலங்காரம்!

எதிர்பாராத ஒன்று: வளைவில் கயிற்றைப் பாறையோடு கட்டாமல் விட்டதால், கயிறு குறுகிய பாறை இடுக்குக்குள் இழுபட்டுவிட்டது. கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. அம்புக்குறி சரியாகவே இருந்தது, கயிறுதான் பொறியாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு வளைவிலும் கட்டுகிறேன்.