பக்கத்து வீட்டுக்காரர் பேரைத் தேடுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து:

விட்டுப்போன சொந்தத்தைத் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் தாத்தா பேரைத்தான் பிடிக்கிறார்கள். நம்ம பக்கம் தெருவுக்கு நாலு சங்கரலிங்கம், நாலு பாபநாசம். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான் வழி கிடைத்தது.

எங்கள் ஆச்சியின் தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போனவர். 1983 கலவரத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. அதற்குள் நாங்களும் வீட்டை விற்றுவிட்டு பம்பாய் போயிருந்தோம். ஆச்சி கண்ணை மூடும்வரை அவர் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் அந்த வீட்டை விற்ற பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போட்டேன். அங்கே வீடு, நிலப் பத்திரங்கள் ஏறும் பதிவேட்டுக்கு ‘முதல் புத்தகம்’ என்று பேர். அதைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் அப்படிக் கிடைக்காது. நகலில் செக்குபந்தி, அதாவது நாலு பக்கத்து எல்லை விவரம், இருந்தது: ‘இன்னார் மனைக்கு மேற்கு, முடுக்குக்கு வடக்கு’ என்று. அந்த ‘இன்னார்’தான் எனக்கு வேண்டியவர்.

பதிவு அலுவலகத்தில் சொத்தை வைத்துத் தேட ஓர் அட்டவணை, ஆள் பேரை வைத்துத் தேட இன்னொன்று உண்டு. பேர் அட்டவணையில் தேடியபோது, அவரும் பின்னால் தன் வீட்டை விற்றிருந்தது தெரிந்தது. அந்தப் பத்திரத்தில் அவருடைய தகப்பனார் பேர், தொழில், புது இருப்பிடம் எல்லாம் இருந்தன. மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம். போய் விசாரித்தால் அவருடைய மகள் இருக்கிறார். “கொழும்பு மாமாவா? அவர் எழுதின லெட்டர் இருக்கே” என்று உள்ளே போய் எடுத்து வந்தார். நீல ஏர்மெயில் தாள், மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தது. எங்களுக்குப் போட்ட கடிதம் திரும்பிவிட்டதாகவும், அக்காவிடம் தகவல் சொல்லும்படியும் அதில் எழுதியிருந்தார். எங்கள் பம்பாய் விலாசம் தெரியாமல் அவர்கள் அதை அத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் கண்டி விலாசம். அந்தக் கொழும்புத் தாத்தா இப்போது இல்லை. அவர் மகள் இருக்கிறார். அம்மாவுக்கு மதினி, எனக்கு அத்தை. வாரம் தவறாமல் பேசுகிறோம்.

சங்கரன்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி, சொந்தமாக மனையே இல்லாதவங்களுக்குப் பத்திரம் ஏது? எங்கள் தாத்தா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். அவரோட அண்ணன் குடும்பம் ஊரைவிட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

எங்களுக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயில்தான் கைகொடுத்தது. பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கேயோ இருக்கிறவங்களும் அவங்கவங்க சாஸ்தாவைத் தேடி வந்துடுவாங்க இல்லையா. பொங்கல் வைக்கும்போது பக்கத்து அடுப்புக்கார அம்மா, “நீங்க எந்த வகையறா?” என்று கேட்டார். ஆச்சி பேரைச் சொன்னேன். கையில் அகப்பையோடு அப்படியே என்னைக் கூட்டிக்கொண்டு, கோயில் வரி பிரிக்கிறவரிடம் போய்விட்டார். பழைய வரி நோட்டில் பெரிய தாத்தா பேர், அதற்கு நேரே ‘தாராவி’, கட்டின தொகை. ஊரைவிட்டுப் போனவர் வரியை மட்டும் விடவில்லை! அந்த அம்மா வேறு யாருமில்லை, பெரிய தாத்தா குடும்பத்துக்கு ஊரில் அடுத்த வீட்டில் இருந்தவர். பேரனின் போன் நம்பர் அவரிடமே இருந்தது.

ஒரு சந்தேகம். தாத்தா சாதகத்தில் 1102 என்று போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு?

நாசரேத்திலிருந்து:

அக்கா, அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. ஆங்கில வருஷத்துக்கு 825 கூட்டுங்கள், ஆவணி முதல் மார்கழி பாதிவரை என்றால் 824. 1926-27 வரும். கூடவே அட்சய வருஷம் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தால் கவனம், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்பி வரும். தேடுகிறவர் செங்கோட்டைக்காரர் என்றால், 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததையும் நினைவில் வையுங்கள். பழைய அரசுக் காகிதங்களுக்குத் திருவனந்தபுரத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

சபைக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன. திருமணப் பதிவில் பெண், மாப்பிள்ளையோடு நிறுத்தாமல் சாட்சிக் கையெழுத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றில் சாட்சி போட்டவர் எதிர்வீட்டுக்காரர். ரங்கூன் போன சித்தப்பா குடும்பம் பற்றி அவர் பேரன் மூலம்தான் தகவல் கிடைத்தது.

ஆனால் விலாசம் கிடைத்த வேகத்தில் வாசலில் போய் நிற்காதீர்கள். சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்றுதான் முதலில் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. நான் பழைய கல்யாணப் போட்டோவின் நகலை முதலில் தபாலில் அனுப்பினேன், யார் யார் என்று பின்னால் எழுதி. அவர்களே போன் செய்தார்கள்.