பைப் கனமும் கான்கிரீட் கணக்கும்: வீடு கட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்

1,000 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கழிவறை லைனுக்கு 4 இஞ்ச் எஸ்.டபிள்யூ.ஆர். பைப் (கழிவும் மழைத்தண்ணீரும் போகும் பிளாஸ்டிக் பைப்) வந்து இறங்கியது. எனக்கு லேத் பட்டறையில் வேலை, கனம் அளக்கும் வெர்னியர் எப்போதும் கையில் இருக்கும். சும்மா பைப் முனையில் வைத்துப் பார்த்தேன். பைப் சுவரின் கனம் 2.3 மில்லிமீட்டர்தான் காட்டியது. பைப் மேல் இருந்த எழுத்தைப் படித்தால் 'டைப் ஏ' என்று இருக்கிறது.

பிளம்பர், "டைப் ஏ, டைப் பி ரெண்டும் 4 இஞ்ச்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். வெளி அளவு இரண்டுக்கும் 110 மில்லிமீட்டர் என்பது உண்மை, அதனால்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டைப் ஏ மழைத்தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. கழிவுக்கு டைப் பி, அதன் கனம் குறைந்தது 3.2 மில்லிமீட்டர். தரைக்கு அடியில் போய் டைல்ஸ் போட்டு மூடிவிட்டால், பிறகு அதைத் தொட முடியுமா? வித்தியாசப் பணத்தைக் கட்டி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் வாங்கும்போதும் கவனம் வேண்டும். எஸ்.டி.ஆர். 13.5 என்றதும் பெரிய நம்பர், நல்ல கனம் என்று நினைத்துவிட்டேன். நேர்மாறு. வெளி விட்டத்தைக் கனத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 22.2 மில்லிமீட்டர். எஸ்.டி.ஆர். 11 என்றால் கனம் 2 மில்லிமீட்டர், 13.5 என்றால் சுமார் 1.6தான்.

இப்போது என் கேள்வி. ரூஃப் 5 இஞ்ச் கனம். என் கணக்கில் 12 கன மீட்டர் ரெடிமிக்ஸ் (பிளான்ட்டிலேயே கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) வருகிறது, சப்ளையர் 14 என்கிறார். ஏமாற்றுகிறாரா?

கோவை சைட் சூப்பர்வைசர்

தம்பி, பீமைச் சேர்த்தீர்களா? 1,000 சதுர அடிக்கு 5 இஞ்ச் என்றால் 417 கனஅடி, 35.3 ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். அது தளம் மட்டும். தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் 9 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் ஆழம், மொத்த நீளம் 120 அடி என்று வைத்தால் அதுவே 2 கன மீட்டருக்கு மேல் போகும். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

எனக்குப் பணம் போனது வேறு இடத்தில். ஒரு சைட்டில் ஹால் நடுவில் தளப் பலகையைத் தாங்கிய முட்டு மண்ணில் இறங்கிவிட்டது. ஈரக் கான்கிரீட்டில் கம்பியைக் குத்திப் பார்த்தால் ஐந்தே முக்கால் இஞ்ச். தளம் முழுக்க அரை இஞ்ச் கூடினாலே 1.2 கன மீட்டர். அன்றைய விலை கன மீட்டருக்கு 5,200 ரூபாய், ஆறாயிரத்துக்கு மேல் போயிற்று. பணத்தைவிட, தேவையில்லாத எடை தளத்தில் ஏறியதுதான் என் கவலை.

அளவில் சந்தேகம் வந்தால் வண்டியை எடைமேடைக்கு அனுப்புங்கள். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 6 கன மீட்டர் வண்டி வந்ததற்கும் போனதற்கும் 14 டன்னுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம் வர வேண்டும். அப்புறம், இறங்குவதற்கு லேசாக இருக்கட்டும் என்று டிரம்மில் தண்ணீர் ஊற்ற வருவார்கள். விடாதீர்கள், பலம் போய்விடும்.

மதுரை வீட்டம்மா

அண்ணா, எங்களுக்கு மோட்டாரிலிருந்து டேங்குக்குப் போகும் 1 இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் இதே கதை. இரண்டே வருடத்தில் இணைப்புக்காக மரை (திருகு) வெட்டிய இடமெல்லாம் கசிவு. மரை வெட்டும்போது பாதிக் கனம் அங்கேயே போய்விடுகிறது, மெல்லிய பைப்பில் மிச்சம் என்ன இருக்கும்? மறுபடி வாங்கும்போது நீலப் பட்டை போட்ட, கனம் கூடிய பி கிளாஸ் கேட்டேன். கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். 6 மீட்டர் பைப் பதினாலரை கிலோ வந்தது. மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் 12 கிலோதான்.

திருச்சிக்காரன்

அண்ணே, பீமை விட்டுவிட்டேன், நீங்கள் சொன்னது சரி. சனிக்கிழமை ரூஃப் போட்டாகிவிட்டது. முட்டுக்கு அடியில் எல்லாம் பலகை வைத்தோம். 5 இஞ்சில் சிவப்பு டேப் சுற்றிய கம்பியோடு நானே ஏறி நின்றேன். இரண்டாவது வண்டி இறங்கியதும் மீதி இடத்தை அளந்து, கடைசி வண்டிக்கு ஒன்றரை கன மீட்டர் போதும் என்று பிளான்ட்டுக்குப் போன் செய்தேன். மொத்தம் பதிமூன்றரை.

கழிவறை லைனை இன்னும் மூடவில்லை. நேற்று ராத்திரி முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது.