ஒரே ஒரு மாணவிக்கான கருவிக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி (சிறப்புக் கல்வி ஆசிரியை)

வணக்கம். 9 வயது மாணவி. மூளை முடக்குவாதம், கூடவே மூளைசார் பார்வைக் குறைபாடு (கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாத நிலை). பேச்சு இல்லை, கைகளையும் நினைத்தபடி அசைக்க முடியாது. கண் அசைவால் இயங்கும் பேச்சுக் கருவி கேட்டு விண்ணப்பித்தோம். "ஒருவருக்கு இவ்வளவு செலவா, டேப்லெட் போதாதா?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பும்போது எதை மாற்றுவது? செலவுப் பட்டியலில் எவையெல்லாம் வர வேண்டும்?

பதில் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்)

கருவியின் பெயரோடு விண்ணப்பத்தைத் தொடங்காதீர்கள். "கதை கேட்டபின் மூன்று கேள்விகளுக்குத் தானே விடை தேர்ந்தெடுக்க வேண்டும்; இப்போது ஆம், இல்லை மட்டும்தான் சொல்ல முடிகிறது" என்று வகுப்பறையில் எங்கே தடைபடுகிறது என்பதை முதலில் எழுதுங்கள்.

டேப்லெட் கேள்விக்கு வாதம் எடுபடாது, பதிவுதான் எடுபடும். படம் ஒட்டிய பலகையைக் கண்ணால் காட்டுவது, தொடுதிரை, தலைக்குப் பக்கத்தில் வைத்த ஒற்றை சுவிட்ச், கண் கருவி என நான்கையும் முயன்று பாருங்கள். கண் கருவியை இரவலாகவோ வாடகைக்கோ பெறலாம். ஒவ்வொன்றிலும் 10 வாய்ப்புக்கு எத்தனை சரி, பதிலுக்கு எத்தனை விநாடி, எத்தனை நிமிடத்தில் களைத்தாள் என்று குறியுங்கள். ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். தூக்கம், வலிப்பு மருந்து, உட்காரும் நிலை எல்லாமே முடிவை மாற்றும். 3 அல்லது 4 வாரப் பதிவு இருந்தால் நல்லது.

"ஒருவருக்கா" என்பதற்கும் பதில் உண்டு. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, தனி மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைக் கல்வி உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும்.

பதில் (பார்வைக் குறைபாட்டுப் பயிற்றுநர்)

மூளைசார் பார்வைக் குறைபாடு என்கிறீர்களே, கண் கருவிதான் பொருத்தமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இந்தக் குழந்தைகள் பலருக்குப் பார்வை ஒரு பொருளில் நிலைக்கவே நேரமாகும். நெரிசலான திரையில் எதையும் பிரித்தறிய முடியாது. கறுப்புப் பின்னணியில் இரண்டே படங்கள் வைத்துத் தொடங்குங்கள். ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்த்தால் கருவி அதைத் தேர்வாக எடுத்துக்கொள்ளும் என்ற அளவையும் கூட்டுங்கள்.

சோதனை தோற்றால் உடனே அவளால் முடியாது என்று எழுதிவிட வேண்டாம். கருவி அகச்சிவப்பு ஒளியால் கண்ணைத் தேடுகிறது. ஜன்னல் வெயிலும் மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பும் அதைக் குழப்பும். திரையில் தோன்றும் புள்ளிகளைப் பார்க்கவைத்துக் கருவியை அவள் கண்ணுக்குப் பழக்கும் காலிபரேஷன் 9 புள்ளியில் நடக்காவிட்டால் 2 புள்ளி, அதுவும் இல்லையென்றால் 1 புள்ளி வைத்துப் பாருங்கள்.

அப்படியும் சரிவராவிட்டால், விருப்பங்களை ஒவ்வொன்றாகக் காதில் சொல்லிவர, வேண்டியது வந்ததும் தலையால் சுவிட்சை அழுத்தும் முறையைப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. இவளுக்கு இதுவே சிறந்த வழியாகவும் இருக்கலாம்.

பதில் (கொள்முதல் பிரிவு)

கருவிக்கு மட்டும் பணம் கேட்பதால்தான் பிற்பாடு அது அலமாரிக்குப் போகிறது. சக்கர நாற்காலியில் பொருத்தும் தாங்கியைச் சேருங்கள். அதற்கு நாற்காலிக் குழாயின் விட்டத்தை அளந்து எழுத வேண்டும், இல்லையென்றால் கவ்வி பொருந்தாது. நாற்காலியில் இல்லாத நேரத்துக்குத் தரையில் நிற்கும் தாங்கி, உபரி சார்ஜர், மென்பொருள் உரிமம், நீட்டித்த உத்தரவாதம், பழுதுபார்க்கும் காலத்துக்கு மாற்றுக் கருவி ஆகியவையும் வேண்டும். ஆசிரியர், பெற்றோர் இருவருக்கும் பயிற்சி நேரத்தைத் தனி வரியாகப் போடுங்கள். எல்லோரும் விட்டுவிடும் வரி அதுதான். சார்ஜ் தீர்ந்த நாளுக்கு அச்சிட்ட படப் பலகையும் இருக்கட்டும்.

பார்வைக் குறைபாட்டுக்காக வேறு பொருள்களும் கேட்பதாக இருந்தால், ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருள்களைக் கருவியோடு கலக்காதீர்கள். தொட்டு உணரும் வரைபடத்துக்கான வீங்கு தாள் (சூடாக்கினால் கோடுகள் புடைத்தெழும் தாள்) ஒருமுறை சூடானால் முடிந்தது; அது தொடர்செலவு. பிரெய்ல் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்குமுன் அந்த நூல் வேறெங்காவது ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளதா என்று தேடுங்கள். பார்வைக் குறைபாடுள்ளோருக்கான நூல் பிரதிகள் பற்றிய 2013இன் மராகேஷ் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அத்தகைய பிரதிகளைப் பரிமாற வழியுண்டு.

கருவி யாருக்குச் சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, பள்ளி மாறினால் கூடவே போகுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் கைக்கு வருமுன் வாங்கிவிட்டால் பல திட்டங்களில் பணம் திரும்பக் கிடைக்காது. விலைப்புள்ளியின் காலக்கெடுவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

நன்றி. காதில் சொல்லும் முறையை நாங்கள் யோசிக்கவே இல்லை. திங்கள்கிழமை முதல் நான்கையும் பதிவுசெய்யத் தொடங்குகிறோம். நாற்காலிக் குழாயையும் அன்றே அளந்துவிடுகிறோம்.