கட்சிப் பாட்டு எப்போ குத்துப் பாட்டா மாறிச்சு? வடசென்னைக்காரங்க சொல்லுங்க

கொருக்குப்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எங்க ஆயா ஒண்ணு சொல்லிட்டே இருப்பாங்க. அந்தக் காலத்துல எலக்ஷன் வண்டி மெயின் ரோட்ல போனாலே உள்தெருவுல உக்காந்து அரிசி பொறுக்கிட்டே பாட்டை வார்த்தை வார்த்தையா கேக்கலாமாம். நாகூர் ஹனிபா பாட்டுன்னா சின்னப் பசங்களுக்குக்கூட மனப்பாடமாம். இப்ப வர்ற வண்டி எங்க வீட்டு வாசல்லயே நிக்குது, ஜன்னல் கம்பி அதிருது, ஆனா வேட்பாளர் பேர் என்னன்னே புரியல. எல்லாக் கட்சிக்கும் ஒரே குத்து பீட். இது எப்போலேர்ந்து இப்படி ஆச்சு?

இன்னொரு சந்தேகம். டிரம்ப் கூட்டத்துல 1978ல வந்த 'ஒய்.எம்.சி.ஏ.' டிஸ்கோ பாட்டை அப்படியே போட்டு ஆடறாங்க. நாம மட்டும் ஏன் மெட்டை எடுத்துக்கிட்டு வார்த்தையை மாத்தறோம்? ரெண்டுல எது சட்டப்படி சரி?

புதுவண்ணை குமாரு:

வண்டில வர்ற பாட்டு வீட்ல இருக்கறவங்களுக்குன்னு யார் சொன்னது? வண்டி முன்னாடி ஆடற பசங்களுக்கு அது. ஓட்டு போடறவங்களுக்குத்தான் நோட்டீசு இருக்கே.

பாட்டும் அரசியலும்னா நம்ம ஏரியாவுக்கு ஒரு பெருமை உண்டு. 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு பாஜக நிறுத்தின ஆளு யாருன்னு ஞாபகம் இருக்கா? கங்கை அமரன்! எத்தினி பாட்டு எழுதி, மெட்டு போட்ட மனுஷன், நம்ம சந்துல கும்பிட்டுக்கினே வந்தாரு. பணப் பட்டுவாடா புகார்ல அந்தத் தேர்தலே ரத்தாயிடுச்சி. டிசம்பர்ல திரும்ப நடந்தப்ப அவர் நிக்கல. அந்த வாட்டி குக்கர் சின்னம் கெலிச்சது, பாஜகவைவிட நோட்டாவுக்கு ஜாஸ்தி ஓட்டு விழுந்தது, எல்லாம் ஊருக்கே தெரியும்.

மைக்செட்டு தண்டையார்பேட்டை:

தங்கச்சி, உங்க ஆயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. எங்கப்பா காலத்துலேர்ந்து எங்களுக்கு மைக்செட் கடை. எலக்ஷன், ஆடிக் கூழு, கல்யாணம், மாதா கோயில் தேரு, சாவுன்னு எல்லாத்துக்கும் ஒயர் இழுத்தவன் நான். சங்கீதம் படிக்கல. கொழா கட்டினவன் கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

என்னைக் கேட்டா மொதல்ல ஸ்பீக்கரு மாறிச்சி, பாட்டு அது பின்னாடியே மாறிச்சி.

கொழா ஸ்பீக்கரு பாத்திருப்ப, ஊமத்தம்பூ மாதிரி வாயை விரிச்சிக்கினு இருக்கும். அது பின்னாடி ஒரு யூனிட்டைத் திருகி மாட்டணும். யூனிட்டுக்குள்ள மெல்லிசா ஒரு டயாபிரம், உள்ளங்கைல அடங்கிடும். பேச்சுச் சத்தம், ஒசந்த குரலு, நாகஸ்வரம் இதெல்லாம் அதுல கணீர்னு வரும். டோலக்கோட தும்மு (அடில அதிர்ற பேஸ் சத்தத்தை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்), தபேலா எடக்கைப் பக்கம், பேஸ் கிதாரு, இதையெல்லாம் கொழாவால வெளிய தள்ள முடியாது. தள்ள முடியாததை நீ உள்ள அனுப்பினா டயாபிரம் புடிமானம் இல்லாம ஆடும். ஆடி ஆடி 'டர்ர்ர்'னு ஒரு சத்தம் வரும் பாரு, அதோட யூனிட்டு காலி. கடைக்குப் புதுசா வர்ற பையனுக்கு எங்கப்பா சொல்லித் தர்ற மொத பாடம் இதான்: கொழா மாட்டினா ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் திருகை அடியோட எறக்கு, ட்ரெபிளை ஏத்து, அப்பால பாட்டு போடு.

இப்ப நீயே யோசி. அந்தக் கொழாக்கு எந்தக் குரல் தோதுப்படும்? ஹனிபா. மேல் ஸ்தாயில நின்னுக்கினு ஒவ்வொரு வார்த்தையையும் தனியா நிறுத்திப் பாடுவாரு, பின்னாடி வாத்தியம் கம்மி. 1953ல திமுக நடத்தின கல்லக்குடி போராட்டத்தை வெச்சி அவர் பாடினது ஒண்ணு போட்டா, தண்டையார்பேட்டை மணிக்கூண்டுல போட்டதை அந்தாண்ட தெருவுல நின்னு கேக்கலாம். எதிர்த்தாப்ல இருக்கறவங்களுக்கு எம்ஜிஆர் படப் பாட்டு, டி.எம்.எஸ். குரலு. ஆடி மாசம் வந்தா எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு. மூணு பேரும் கொழாய்க்குன்னே பொறந்தவங்க. ஜேசுதாஸ் பாட்டு போடச் சொல்லி கல்யாண வீட்டுல கேப்பாங்க. எனக்கும் ஆசைதான். கொழால போட்டா பல்லவில பாதி காத்தோட போயிடும், 'இன்னாபா செட்டு சரியில்ல'ன்னு நம்மளையே திட்டுவாங்க.

காத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது. காசிமேட்டுல கூட்டம்னா கொழாய மேக்க பாத்து கட்டணும். மதியத்துக்கு மேல கடக்காத்து எழும்பும், சத்தத்தைத் தூக்கிக்கினு ஊருக்குள்ள போகும். கடலைப் பாத்து கட்டினா உன் தலைவர் மீனுக்குத்தான் ஓட்டு கேக்கணும். கூட்டம் பெருசுன்னா ரோடு நீளத்துக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கொழா. அதுக்கு ஆம்ப்ளிஃபயர்ல 100 வோல்ட் லைன்னு ஒரு எடம் இருக்கும், அதுலேர்ந்து இழுத்தா மெல்லிசு ஒயர்லயே கடைசிக் கொழா வரைக்கும் சத்தம் கொறையாம போவும். ஒவ்வொரு கொழாகிட்டயும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரு.

வண்டி பிரச்சாரம் வேற கதை. ஆட்டோ மேல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரெண்டு கொழா, உள்ள 12 வோல்ட் பேட்டரி, கேசட் டெக்கு. சாயங்காலம் ஆச்சின்னா பேட்டரி எறங்கும், கேசட் மெதுவா சுத்தும், கணீர்னு பாடிக்கினு இருந்த பாட்டு தூக்கத்துல பேசற மாதிரி இழுக்கும். தலைவர் பேரு மட்டும் ஒரு தெரு நீளத்துக்கு வரும். கட்சிக்காரன் ஓடியாந்து, 'அபசகுனமா இருக்குதுயா, நிறுத்து'ன்னுவான்.

அப்பால ரெண்டு விஷயம் நடந்துது. 2000ல ஒலி மாசு விதி வந்துது, ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. அது பரவால்ல. கூம்பு வடிவ ஒலிபெருக்கியே கட்டாத, பெட்டி வடிவம் மட்டும் வைன்னு போலீசு கெடுபிடி பண்ண ஆரம்பிச்சதுதான் எங்க தொழில மாத்திச்சி. கொழால்லாம் பரணுக்குப் போயிடுச்சி. பாக்ஸ் வந்துது. பாக்ஸு எப்படின்னா, கொழாக்கு நேர் எதிரு. தும்மு சத்தம்தான் அதுக்கு உயிரு. டோலக்கு, டேப்பு, உறுமி எது போட்டாலும் நெஞ்சுல வந்து இடிக்கும்.

நம்ம ஊர் கானா எத்தினி வருஷமா இருக்குது! பதினாறாம் நாள் கச்சேரில சந்து முனைல விடிய விடிய பாடுவாங்க. தேவா சினிமால கொண்டாந்து ஊரெல்லாம் பரப்பினாரு. ஆனா கொழா காலத்துல அதைக் கட்சி வண்டில போட்டா என்னா ஆவும், டோலக்கு இல்லாத கானா கேக்கும். அது கானாவா? பாக்ஸ் வந்தப்புறம்தான் கானாக்கு வண்டில எடம் கெடைச்சிது. 2006ல கானா உலகநாதன் பாடின வாளமீனு பாட்டு படத்துல வந்துது, மே மாசம் எலக்ஷன். அந்த மெட்டுல வேட்பாளர் பேரு போட்ட கேசட்டு என் கைக்கே வந்துது. வேற வேற கட்சி, ஒரே மெட்டு. கல்யாணம் பண்ற மீனு பேரு மட்டும் மாறியிருந்துது. காசிமேட்டுப் பொம்பளைங்க அன்னக்கூடையைக் கீழ வெச்சிட்டு நின்னு கேட்டாங்க, அதையும் சொல்லணும்.

வார்த்தை ஏன் புரியலன்னா, பாக்ஸ்ல தும்மை ஏத்திடறாங்க. நம்ம சந்து எம்மாம் அகலம்? அந்தத் தும்மு இந்தச் செவுத்துல இடிச்சி அந்தச் செவுத்துக்குப் போயி அடங்காம நிக்குது. பேச்சுல க, ச, ட, த எல்லாம் மேல் சத்தம். அதை இது மூடிடும். அதுக்கு மேல இன்னொரு ஆளு மைக்குல 'உங்கள் பொன்னான வாக்குகளை'ன்னு கத்திக்கினு இருப்பான். கடவுளுக்கே புரியாது.

எந்தப் பாட்டா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், வாடகை வந்தா போதும். தோத்த வேட்பாளர்கிட்ட பாக்கி வாங்கினவன் எங்க சங்கத்துலயே யாரும் இல்ல.

ராயபுரம் வாத்தியார் (ஓய்வு):

மைக்செட்டு தம்பி எழுதியிருப்பது ரசமாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பெருமையையும் குழாய்க்கே கொடுத்துவிட்டார். அந்தக் கணீர்க் குரல் மைக் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. நாடகக் கொட்டகையில் மைக் ஏது? எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் எல்லாம் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதில் விழ வேண்டும் என்றே உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகியவர்கள். அந்த அம்மையார்தான் சத்தியமூர்த்தி போன்றவர்கள் அழைத்ததும் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், பிறகு மேலவை உறுப்பினராகவும் ஆனார். குழாய் வந்தபோது அதற்கேற்ற குரல்கள் தயாராக இருந்தன என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று: 1949 செப்டம்பரில் எங்கள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்ததே, அங்கே கூடியவர்களை நிறுத்தி வைத்தது பேச்சு. பாட்டுக்காரர்கள் அதன் பின்னால் வந்தவர்கள். அந்தக் காலத்துத் தலைவர்கள் படங்களில், குறிப்பாக நேரு பேசும் படங்களில், மைக் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று ஒரு பட்டயம் தெரியும். அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாய் மோத்வானி குடும்பத்தின் கம்பெனி அது. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் ஒரு பையன்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

பாரிமுனை குமாஸ்தா:

சட்டக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. ஐகோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல குப்பை கொட்டறவன், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அமெரிக்காவுல பாட்டு எழுதறவங்க சார்பா லைசென்ஸ் குடுக்கற ஆஸ்காப், பி.எம்.ஐ. மாதிரி அமைப்புங்க கிட்ட பிரச்சாரக் குழு மொத்தமா லைசென்ஸ் வாங்கிக்கும். வாங்கிட்டா லட்சக்கணக்கான பாட்டைக் கூட்டத்துல போடலாம். ஆனா பாட்டு எழுதினவர் 'என் பாட்டை அரசியலுக்குப் போடாதே'ன்னு அந்த லைசென்ஸ்லேர்ந்து எடுத்துக்கவும் வழி இருக்கு. 'ஒய்.எம்.சி.ஏ.' எழுதின விக்டர் வில்லிஸ் 2020ல நிறுத்தச் சொன்னாரு. அப்புறம் மனசு மாறி, 2025 ஜனவரியில டிரம்ப் பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்துல அந்தப் பாட்டைப் பாடின வில்லேஜ் பீப்பிள் குழுவே மேடையேறிப் பாடிச்சு.

இங்க 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்துல இசை தனி, வரி தனி, பதிவு செஞ்ச ஒலி தனி. நீங்க வரியை மாத்திட்டாலும் மெட்டு இசையமைப்பாளரோடதுதான், அனுமதி கேக்கணும். வார்த்தையை மாத்தறது தப்பிக்கறதுக்கான வழின்னு பல பேர் நம்பிட்டு இருக்காங்க. கேஸ் போடறதுக்குள்ள எலக்ஷன் முடிஞ்சிடுது, அதான் யாரும் கவலைப்படல.

வார்த்தையை மாத்தறதுக்குக் காரணம் சட்டம் இல்ல, தொகுதி. டிரம்ப்புக்கு நாடு முழுக்க ஒரே முகம். நமக்கு 234 தொகுதி, ஒவ்வொண்ணுலயும் வேற பேரு. பேரு பாட்டுக்குள்ள வந்தாத்தான் வேட்பாளர் காசை எடுப்பாரு.

கொருக்குப்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி! ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன், மீனுக்கு ஓட்டு கேக்கற இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மைக்செட்டு அண்ணா, வாத்தியார் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க? அப்புறம், இந்தக் கொழா, பாக்ஸ் வித்தியாசத்தை நானே கேட்டுப் பாக்க வழி இருக்கா? காலேஜ்ல காட்டலாம்னு ஆசை.

மைக்செட்டு தண்டையார்பேட்டை:

வாத்தியார் சொல்றது கொட்டகைக்குச் சரி. கொட்டகைல கேக்க வந்தவன் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கான். தெருவுல போறவன் கேக்க வரலியே, அவன் பாட்டுக்கு சைக்கிள்ல போய்கினு இருக்கான். அவன் காதைப் புடிச்சி இழுத்தது கொழாதான். இதுல நான் எறங்கி வர மாட்டேன் வாத்தியாரே, அடுத்த வாட்டி ராயபுரம் பக்கம் வந்தா டீ குடிச்சிக்கினே சண்டை போடலாம்.

தங்கச்சி, செலவில்லாம பாக்கணும்னா உன் போனு போதும். போன் ஸ்பீக்கர்லயும் தும்மு வராது, அந்த விதத்துல அது கொழா ஜாதி. ஹனிபா பாட்டு ஒண்ணு, இப்ப வந்த கட்சிப் பாட்டு ஒண்ணு ரெண்டையும் போனுல போட்டு சமையல் ரூம்ல வெச்சிட்டு நீ வாசல்ல நில்லு. எது வார்த்தை புரியுதுன்னு பாரு. அப்பால அதே ரெண்டையும் பாக்ஸ்ல போட்டுப் பாரு.

நெஜக் கொழாவே வேணும்னா என் பரண்ல கெடக்குது, வந்து எடுத்துக்கோ, வாடகை வேணாம். யூனிட்டு மட்டும் இல்ல, கழட்டி வித்துட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கும், 16 ஓம்னு சொல்லிக் கேளு, கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வேணும். ஞாயித்துக்கெழம போகாத, முக்காவாசி கடை மூடியிருக்கும். காலேஜ்ல வாத்தியம் நெறைய இருக்கற பாட்டு எதையும் அதுல போடாத, பேஸ் திருகை எறக்கிட்டு ஆரம்பி.