டைபிரேக் வந்தால் தொலைக்காட்சியை அணைப்பவர் ரசிகரா?

கோபி வாத்தியார்:
டென்னிஸ் ஆட்டத்தில் டைபிரேக் (ஒரு செட்டில் இருவரும் சம கேம்களில் நிற்கும்போது அதை முடிக்க ஆடுவது) தொடங்கியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பெடரர் வென்றார் என்று தெரிந்த பிறகே ஆட்டத்தைப் பார்ப்பது தம் வழக்கமாக இருந்தது என்று பல்லடத்துத் தம்பி எழுதியிருந்தார். தோல்வியின் வலிக்கு ஒதுங்கிக்கொள்பவர் வெற்றியில் மட்டும் பங்கு கேட்பது எவ்வகையில் நியாயம்? 2017 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டத்தின் ஐந்தாவது செட்டில் நடாலிடம் 1-3 எனப் பின்தங்கிய பெடரர், அதன்பின் ஒரு கேமைக்கூட விடாமல் 6-3 என்று முடித்தாரே, அந்த ஐந்து கேம்களையும் முடிவு தெரியாமல் பார்த்தவருக்குத்தான் அவற்றின் அருமை புரியும்.

பல்லடம் தறிக்காரர்:
வாத்தியாரய்யா, நான் ஒதுங்கத் தொடங்கியதே 2019 ஜூலை 14-க்குப் பிறகுதான். ஜோகோவிச்சுக்கு எதிரான விம்பிள்டன் இறுதி ஆட்டம், ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வீஸும் பெடரர் கையில். முதல் மேட்ச் பாயிண்டில் (அந்த ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டமே முடிந்துவிடும்) போர்ஹேண்ட் வெளியே போயிற்று. அடுத்ததில் வலையை நோக்கி ஏறி வந்தவரைத் தாண்டி ஜோகோவிச் குறுக்காக அடித்துவிட்டார். நான்கு மணி 57 நிமிடம் நேரலையில் பார்த்துவிட்டு, மறுநாள் தறிக்குடோனில் ஊடை நூல் தீர்ந்து தறி வெறுமனே ஓடுவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன். சில மாதங்கள் கழித்து அதே ஆட்டத்தை மறுபடி பார்த்தபோதுதான், மூன்று டைபிரேக்கையும் பெடரர் இழந்தார் என்பதும், மொத்தப் புள்ளிகளில் 218-204 என்று அவரே முன்னிலையில் இருந்தார் என்பதும் மனத்தில் பதிந்தன. படபடப்போடு பார்த்த இரவில் இவற்றில் எதையும் நான் கவனிக்கவில்லை.

கோபி வாத்தியார்:
மொத்த ஓட்டில் முந்திவிட்டுத் தொகுதியில் தோற்றவருக்குச் சொல்லும் ஆறுதல்தான் அந்த 218. அது கிடக்கட்டும். 2020 ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதியில், உடல் ஒத்துழைக்காத நிலையிலும் சாண்ட்கிரனுக்கு எதிராக ஏழு மேட்ச் பாயிண்டுகளிலிருந்து பெடரர் தப்பித்தாரே, அவற்றில் சில நான்காவது செட் டைபிரேக்கில்தானே வந்தன? அப்போது தம்பி வீட்டுத் தொலைக்காட்சி அணைந்திருந்தது, அப்படித்தானே?

பல்லடம் தறிக்காரர்:
அணைந்துதான் இருந்தது. இரவு பார்த்தேன், நிறைவாகவே இருந்தது.

பொள்ளாச்சி அக்கா:
நான் நடால் பக்கம் என்பதால் உங்கள் இருவருக்கும் என்மேல் கோபம் வரலாம். 2022 மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் இரண்டு செட் இழந்து, மூன்றாவதில் 2-3, 0-40 என்று நடால் நின்றபோது, எங்கள் வீட்டில் மற்றவர்கள் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை. அது தியாகம் ஒன்றுமில்லை, அந்த நேரத்தில் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே வாத்தியாரய்யா, பார்த்தவர்களுக்கு மட்டுமே உரிமை என்று பட்டா எழுதிக் கொடுக்க வேண்டாம். தம்பிக்கும் ஒன்று கேட்க வேண்டும்: வென்ற ஆட்டங்களைத் தேடிப் பார்த்தீர்கள், சரி. 2021-இல் விம்பிள்டன் காலிறுதியில் பெடரர் ஹூர்காச்சிடம் கடைசி செட்டை 0-6 என்று இழந்ததை என்றாவது பார்த்தீர்களா?

பல்லடம் தறிக்காரர்:
இல்லை அக்கா. அதை இனியும் பார்க்கப் போவதில்லை.

கோபி வாத்தியார்:
நான் சொல்ல வந்ததும் அதைத்தான். அந்த 0-6-உம் அவர் ஆடியதுதானே, தம்பி?