மவுசாகலை நீருக்கு அடியில் அப்பாயியின் லயம்

கேள்வி: அப்பாயி பிறந்த லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இலங்கை மலையகத்தில், பழைய மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் இருந்தது. 1969இல் மவுசாகலை அணை வந்தபோது எல்லாம் மூழ்கிவிட்டது. அதை எந்த வரைபடத்தில் தேடுவது?

பதில்: நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். அணைக்கு முந்திய பதிப்பாகப் பார்த்து எடுங்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். இன்று முழு நீலமாக இருக்கும் இடத்தில் மெல்லிய கோடாக ஆறு, அதன் ஓரமாகத் தெரு! நெஞ்சு அடைத்துவிட்டது. அணைக்குப் பிந்திய 1:50,000 அளவு வரைபடத் தாளை அருகில் விரித்து, நீருக்கு மேலுள்ள சமவுயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) கொண்டு இரண்டையும் பொருத்துங்கள்.

பதில்: கடும் வறட்சியில் பழைய கோயில் வெளியே தெரியும். அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. கோயில் மணி லயத்துக்குக் கேட்கும் என்று அப்பாயி இப்போதுதான் சொன்னார்.